1984-ஐவிட நமக்குப் பக்கத்தில் இருப்பது ரேகைச் சட்டம்

ஓசூரிலிருந்து தினமும் பெங்களூரு கோரமங்களாவுக்கு வேலைக்கு வந்து போகும் ஒரு தம்பி கேட்டது இது. "ஜார்ஜ் ஆர்வெல்லின் 1984 இப்போதுதான் படித்து முடித்தேன் அண்ணா. சில்க் போர்டு சிக்னலில் நின்றால் தலைக்கு மேல் நாலு பக்கமும் கேமரா, எதற்கெடுத்தாலும் ஆதார், போனில் ஒவ்வொரு ஆப்பும் ஒவ்வொரு அனுமதி கேட்கிறது. நாம் ஏற்கெனவே அந்த நாவலுக்குள்தான் இருக்கிறோமா? வீட்டில் இதைச் சொன்னால் அப்பா 'தப்பு செய்யாதவனுக்கு என்னடா பயம்' என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? இதே மாதிரி வேறு என்ன படிக்கலாம்?"

நான் இந்த ஊரில் ரொம்ப காலமாக டேட்டாபேஸ் வேலை பார்ப்பவன், கூடவே இந்த வகை நாவல்களில் கொஞ்சம் பைத்தியமும் உண்டு. அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். கண்காணிப்பு நடக்கிறதா என்றால் நடக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் அதைப் புரிந்துகொள்ள 1984 நமக்கு அவ்வளவாக உதவாது. அந்த நாவலைக் கையில் வைத்துக்கொண்டு பெங்களூருவைப் பார்த்தால் தேட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடிக்கொண்டிருப்போம்.

1949-இல் வந்த நாவல், ஒரே கட்சி ஆளும் ஒரு கற்பனை நாட்டைப் பற்றியது. அதில் ஆர்வெல் மிகச் சரியாகப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு, அதைச் சொல்லிவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும். வீட்டுக்குள்ளேயே மாட்டியிருக்கும், நம்மைப் பார்க்கவும் கேட்கவும் செய்யும் திரைதான் டெலிஸ்கிரீன். அதற்குப் பின்னால் எந்த நிமிடம் ஆள் இருக்கிறான், எந்த நிமிடம் இல்லை என்பது கதாநாயகன் வின்ஸ்டனுக்குத் தெரியாது. எப்போதும் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொண்டுதான் அவன் மூச்சுகூட விட வேண்டும். காலை உடற்பயிற்சியில் கொஞ்சம் சோம்பலாகக் குனிந்தால் திரையிலிருந்து அவன் எண்ணைச் சொல்லி 'இன்னும் குனி' என்று ஒரு பெண் அதட்டுவாள். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 2020 மார்ச் கடைசிதான் ஞாபகம் வரும். கர்நாடக அரசு, வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டவர்கள் எல்லோரும் மணிக்கு ஒரு செல்ஃபி எடுத்து ஆப்பில் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டது. இரவு 10 மணியிலிருந்து காலை 7 மணி வரை மட்டும் விலக்கு. படத்தோடு இருப்பிடமும் சேர்ந்து போகும். அனுப்பாவிட்டால் அரசு முகாமுக்குக் கூட்டிப்போவோம் என்று எச்சரிக்கை. தொற்றுநோய்க் காலம், அரசுக்கும் வேறு வழி தெரியவில்லை என்பதெல்லாம் சரிதான். ஆனால் ஒரு மாநிலமே 'இதோ வீட்டில்தான் இருக்கிறேன்' என்று மணிக்கொரு தடவை முகத்தைக் காட்டியதே, அதைப் பற்றி இப்போது யாருமே பேசுவதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

சரி, எங்கே ஆர்வெல் நமக்குப் பொருந்தவில்லை? யாரைப் பார்க்கிறார்கள் என்பதில். 1984-ஐப் படித்தவர்களில் பலர் தாண்டிப்போகும் விவரம் இது. அந்த நாட்டில் ஜனத்தொகையில் 85 சதவீதம் பேர் 'புரோல்' எனப்படும் உழைக்கும் ஏழைகள், அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் டெலிஸ்கிரீனே கிடையாது. அவர்கள் குடிக்கலாம், சண்டை போடலாம், லாட்டரி வாங்கலாம், கட்சிக்குக் கவலையில்லை. கண்காணிப்பு முழுக்கக் கட்சிக்காரர்களுக்குத்தான், அதாவது அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதும் வின்ஸ்டன் மாதிரி ஆட்களுக்கு. நம்மைப் போன்ற ஆட்களுக்கு என்றும் சொல்லலாம். அதனால்தான் படித்த நடுத்தர வர்க்கத்துக்கு அந்த நாவல் அவ்வளவு பிடிக்கிறது.

இந்தியாவில் நிலைமை தலைகீழ். கீழே போகப் போகக் கண்கள் கூடும். நூறு நாள் வேலைக்குப் போன பெண்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணியிடங்களிலும் ஆப்பில் வருகைப்பதிவு கட்டாயமானது, ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும், சிக்னல் கிடைக்காமல் படம் ஏறவில்லை என்றால் அன்றைய கூலிக்கு அலைச்சல். சண்டிகரில் துப்புரவுத் தொழிலாளர்கள் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டினார்கள். அதே நகராட்சியின் பெரிய அதிகாரிகள் கையில் கட்டியதாக நான் எங்கும் படிக்கவில்லை.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நான் இருக்கும் அடுக்குமாடியின் கேட்டிலேயே பார்க்கிறேன். வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள், பாதிப் பேர் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், உள்ளே வரும்போது எண்ணைத் தட்ட வேண்டும், தட்டியதும் எனக்குப் போனில் செய்தி வரும், எத்தனை மணிக்கு வந்தார், எந்தெந்த வீட்டுக்குப் போகிறார், எப்போது கிளம்பினார், மற்ற வீட்டார் அவருக்கு எத்தனை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள், எல்லாம் தெரியும். வெளியே போகும்போது சில நாள் பையையும் திறந்து காட்ட வேண்டும். நான் எத்தனை மணிக்கு வருகிறேன் என்பது அவருக்குத் தெரியுமா? எனக்கு யாராவது நட்சத்திரம் போட முடியுமா? (போட்டால் இரண்டு தாண்டாது, அது வேறு விஷயம்.) இதில் அரசே கிடையாது என்பதையும் கவனியுங்கள். குடியிருப்போர் சங்கத்தில் கை தூக்கி ஓட்டுப் போட்டு நாங்களே கொண்டுவந்ததுதான்.

இது புதுசும் இல்லை. நம் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் எப்படி மறந்துபோகிறது என்று தெரியவில்லை, உசிலம்பட்டிப் பக்கம் போய் வயதானவர்களிடம் 'ரேகைச் சட்டம்' என்று சொல்லிப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். வெள்ளைக்காரன் 1871-இல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 திருத்தத்தோடு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி. வயது வந்த ஆண்கள் எல்லோரும் பத்து விரல் ரேகையைப் பதிவு செய்ய வேண்டும், ராத்திரி ஊரைவிட்டு வெளியே போக வேண்டுமானால் 'ராத்திரிச் சீட்டு' வாங்க வேண்டும், சில இடங்களில் இரவானால் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். பிறமலைக் கள்ளர்கள் இதை எதிர்த்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது, 16 பேர் செத்தார்கள், அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அந்த மக்களுக்காக வழக்காடிய ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் 'ரோசாப்பூ துரை' என்று இன்றும் சொல்கிறார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆயிற்று.

இப்போது தேதிகளைக் கொஞ்சம் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெருங்காமநல்லூரில் சுட்ட அதே 1920-இல்தான் கைதிகள் அடையாளச் சட்டம் வருகிறது, கைதானவர்களின் ரேகையையும் கால்தடத்தையும் எடுக்கப் போலீசுக்கு அதிகாரம் கொடுக்கும் சட்டம். கிட்டத்தட்ட அதே சமயத்தில் ரஷ்யாவில் யெவ்கேனி ஸம்யாதின் உட்கார்ந்து 'நாங்கள்' என்ற நாவலை எழுதுகிறார், ஆர்வெல்லுக்கே முன்னோடி அதுதான். அதில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கதைசொல்லியின் பெயர் டி-503. எல்லோருக்கும் கண்ணாடி வீடு, குறிப்பிட்ட நேரத்தில் சீட்டு வைத்திருந்தால் மட்டும் திரையை இறக்கிக்கொள்ளலாம். திரையை இறக்கச் சீட்டு! ராத்திரிச் சீட்டு வாங்கியவர்களுக்கு இதைக் கற்பனை என்று சொன்னால் சிரித்திருப்பார்கள்.

இன்னொன்று. விரல் ரேகையை வைத்து ஆளை அடையாளம் காணும் முறை லண்டனில் பிறந்து இங்கே வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். முதல் ரேகைப் பிரிவு 1897-இல் கல்கத்தாவில் தொடங்கியது, ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனது 1901-இல். வகைப்படுத்தும் கணக்கைப் போட்டதில் அஜீஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவலர்களுக்குப் பெரிய பங்கு, பெயர் மட்டும் மேலதிகாரி ஹென்றிக்குப் போயிற்று. ஆர்வெல்லும் பீகாரில் மோதிஹாரியில் பிறந்தவர்தான், 1922 முதல் 1927 வரை பர்மாவில் ஏகாதிபத்திய போலீஸ் அதிகாரி, பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்திருந்தது. ஆளும் கண் எப்படி இருக்கும் என்பது அந்த மனிதருக்கு உள்ளிருந்தே தெரியும். இங்கே காவல் நிலையப் பதிவேட்டில் இருந்ததைத்தான் அவர் பின்னால் லண்டனில் கொண்டுபோய் வைத்தார் என்று சொன்னால் ரொம்ப மிகைப்படுத்தல் ஆகாது என்பது என் கட்சி.

அந்தப் பதிவேடு சுதந்திரத்துக்குப் பிறகும் மூடப்படவில்லை. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர். கொள்ளை வழக்கில் சாட்சியம் இல்லை என்று விடுதலையானவர். ஆனாலும் போலீஸ் அவர் பெயரில் ஹிஸ்டரி ஷீட் திறந்தது, அதாவது ஆளைத் தொடர்ந்து கண்காணிக்க வைக்கும் பதிவேடு. ராத்திரியில் வந்து கதவைத் தட்டுவார்கள், ஊருக்குப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1962-இல் தீர்ப்பு வந்தது: ராத்திரி வீட்டுக்கு வருவது தப்பு, மற்றக் கண்காணிப்பெல்லாம் பரவாயில்லை, அந்தரங்க உரிமை என்று ஒன்று அரசியல் சட்டத்தில் இல்லை. இதே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் 2015-இல் ஆதார் வழக்கில் மத்திய அரசின் வழக்கறிஞர், இந்தியர்களுக்கு அந்தரங்கம் அடிப்படை உரிமை அல்ல என்று வாதாடினார். பெங்களூருக்காரர்களுக்கு 'ரவுடி ஷீட்' என்றால் விளக்கவே வேண்டாம், பேப்பரில் வாரம் ஒரு செய்தி வரும். அந்த ஷீட்டின் கொள்ளுத்தாத்தா யார் என்றுதான் இவ்வளவு நேரம் சொன்னேன்.

இப்போது அந்தப் பழைய பதிவேட்டின் மேல் கேமராவைக் கொண்டுவந்து மாட்டுகிறோம். உங்கள் சிக்னல் கேமராவுக்கு இங்கேதான் வருகிறேன். பெங்களூருவின் 'சேஃப் சிட்டி' கேமராக்கள் நிர்பயா நிதியில் வந்தவை, பெண்கள் பாதுகாப்புக்காக. கர்நாடகத்தில் 2017-இல் ஒரு பொதுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது, நூறு பேர் கூடும் எந்த இடமும், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, கடை எதுவாக இருந்தாலும், கேமரா வைத்து முப்பது நாள் பதிவைப் பாதுகாக்க வேண்டும். கேமராவை நான் முழுசாக எதிர்ப்பவன் இல்லை. செயின் பறிப்பில் ஆளைப் பிடித்துக் கொடுத்ததும் அதே கேமராதான். அந்தப் படத்தை எதோடு ஒப்பிடுகிறார்கள், பொருந்தியது என்று எப்போது சொல்கிறார்கள் என்பதில்தான் என் சந்தேகம். டெல்லி போலீஸ் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது கொடுத்த பதில், முகம் 80 சதவீதம் ஒத்துப்போனால் பொருந்தியதாக எடுத்துக்கொள்வோம் என்பது. இதே டெல்லி போலீஸ் 2018-இல் நீதிமன்றத்தில் தங்கள் முக அடையாள மென்பொருளின் துல்லியம் 2 சதவீதம் என்று சொன்னது, அடுத்த வருடம் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே, ஆணையும் பெண்ணையும்கூடப் பிரித்துச் சொல்லவில்லை என்ற கதை வெளியே வந்தது. அதன் பிறகு 2020 மார்ச்சில், டெல்லி கலவரத்தில் முக அடையாளம் மூலம் 1,100-க்கு மேற்பட்டோரைக் கண்டுபிடித்தோம், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமப் படங்களையெல்லாம் உள்ளே கொடுத்தோம் என்று உள்துறை அமைச்சரே மக்களவையில் சொன்னார். ஓட்டுப் போடவும் வண்டி ஓட்டவும் கொடுத்த போட்டோ. கொடுத்தபோது இதைச் சொல்லித்தான் வாங்கினார்களா?

2022-இல் அந்த 1920 கைதிகள் அடையாளச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். இப்போது ரேகையோடு கருவிழி, ரத்த மாதிரி எல்லாம் எடுக்கலாம், 75 வருடம் வைத்திருக்கலாம்.

என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் இனிமேல்தான். அரசு நம்மை 'பார்க்கிறது' என்று நினைப்பதே பாதிப் பிழை, பார்ப்பதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், சம்பளம் வேண்டும். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசி தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் முழுநேரச் சம்பளம் கொடுத்து, 111 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோப்பு அடுக்கியும் கடைசியில் பெர்லின் சுவர் இடிவதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றைக்கு யாரும் பார்க்க வேண்டியதில்லை, இணைத்தால் போதும். நம் ஊர் மொய் நோட்டை யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டு நோட்டில் ரகசியம் ஒன்றும் இல்லை, யார் எவ்வளவு எழுதினார் என்பதுதான். ஆனால் ஊரிலுள்ள எல்லா வீட்டு நோட்டையும் ஒருவன் வாங்கி ஒரே மேஜையில் விரித்தால், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, யார் கையில் காசு இல்லை, எந்தக் கல்யாணம் மறைத்து நடந்தது எல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடும், ஒரு ஜன்னலிலும் எட்டிப் பார்க்காமலே. எல்லா நோட்டிலும் பெயர் ஒரே மாதிரி எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆதார் எண் செய்தது அதைத்தான். ரேஷன் ஒரு பட்டியல், பேங்க் ஒரு பட்டியல், பான் ஒரு பட்டியல் என்று தனித்தனியாக இருந்தவற்றில் ஒரே எண்ணைப் போட்டாயிற்று. கர்நாடகத்தில் 'குடும்ப' என்ற பெயரில் குடும்ப வாரியான தரவுத்தளமே இருக்கிறது, நலத்திட்டத்துக்கு யார் தகுதி என்று அதிலிருந்து எடுக்கிறார்கள்.

இதற்கான நாவல் ஆர்வெல்லுடையது இல்லை, காஃப்காவின் 'விசாரணை'. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டேனியல் சோலோவ் இந்த வாதத்தை ரொம்ப நாள் முன்பே வைத்தார், நான் முழுக்க அவர் பக்கம். நாவல் காஃப்கா செத்த பிறகு, 1925-இல் வெளிவந்தது. யோசப் க. என்ற பேங்க் ஊழியனை அவனுடைய முப்பதாவது பிறந்தநாள் காலையில் கைது செய்கிறார்கள். குற்றம் என்ன? சொல்ல மாட்டார்கள். வந்தவர்களுக்கே தெரியாது. வேலைக்குப் போ, வா, ஆனால் நீ கைதி. அதில் கொடுமைக்காரன் யாரும் இல்லை, எல்லோரும் அவரவர் மேஜையில் அவரவர் வேலையைச் செய்கிறார்கள், கோப்பு எங்கேயோ மேலே நகர்ந்துகொண்டே இருக்கிறது.

தெலங்கானாவில் நடந்தது இதுதான். 2016 வாக்கில் 19 லட்சம் அளவுக்கு ரேஷன் கார்டுகள் ரத்தாயின, தரவுகளை ஒப்பிட்டுக் கணினி கொடுத்த பட்டியலை வைத்து. வீட்டுக்கு யாரும் வந்து பார்க்கவில்லை, முன்கூட்டி நோட்டீஸும் இல்லை. கடைக்குப் போய் நின்றபோதுதான் கார்டு இல்லை என்று தெரிந்தது. உச்ச நீதிமன்றம் நேரில் போய்ச் சரிபார்க்கச் சொல்லி உத்தரவிட 2022 ஆகிவிட்டது. ஆறு வருட அரிசி! இது ஏழை நாட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்ததாக ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கணினிக் கணக்கு தவறாகக் குற்றம் சாட்டியது, வெளிநாட்டு வம்சாவளிக் குடும்பங்கள்தான் அதிகம் மாட்டின, 2021 ஜனவரியில் அந்த அரசே ராஜினாமா செய்தது.

உங்கள் அப்பாவுக்கு இதையே சொல்லலாம். 'தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்' என்றால், தெலங்கானாவில் அரிசி நின்ற குடும்பம் என்ன தப்பு செய்தது? கரக் சிங்கை நீதிமன்றமே விட்டுவிட்டதே, கதவை ஏன் தட்டினார்கள்? தப்பு எது என்று முடிவு செய்கிறவர் நாம் இல்லை, அது நாளைக்கு மாறவும் செய்யும். மார்கரெட் அட்வுட் 1985-இல் எழுதிய 'ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலில் அப்படி ஒரு நாள் வருகிறது. கதாநாயகி வழக்கமான கடையில் கார்டைக் கொடுக்கிறாள், செல்லாது என்கிறது. அன்று ஒரே நாளில் நாட்டிலுள்ள எல்லாப் பெண்களின் கணக்கும் முடக்கப்பட்டது. ஏன் அவ்வளவு சுலபமாக முடிந்தது என்றால், பணம் எல்லாம் ஏற்கெனவே கணினிக்குள் போய்விட்டது, கணக்குகளில் ஆணா பெண்ணா என்ற குறியும் இருந்தது. குறி போட்டபோது யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அது ஒரு பட்டியலில் ஒரு கட்டம், அவ்வளவுதான். நான் தினமும் அப்படிப்பட்ட கட்டங்களைப் போடுகிறவன் என்பதால் அந்த இரண்டு பக்கம் என்னை ரொம்பவே தொந்தரவு செய்தது.

அப்பா அரசியல் பேசுபவர் என்றால் ராமகிருஷ்ண ஹெக்டேயை ஞாபகப்படுத்துங்கள். 1988-இல் தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் இந்த மாநிலத்தின் முதலமைச்சர் பதவியே போயிற்று. ஒட்டுக்கேட்கப்பட்டதாகச் சொல்லப்பட்டவர்கள் திருடர்கள் இல்லை, அரசியல்வாதிகளும் தொழிலதிபர்களும். இப்போது விதிமுறை இருக்கிறதே என்பார். இருக்கிறது. உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு ஒரு மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும். அந்தக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது, இது நடக்கிற காரியமில்லை என்று 2018-இல் தரவுப் பாதுகாப்பு பற்றிய நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு கோப்புக்கு இரண்டு மூன்று நொடி. நீதிபதி யாரும் இதில் கிடையாது, ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குக் கடைசிவரை தெரியவும் தெரியாது. போனுக்குள் ரகசியமாகப் புகும் உளவு மென்பொருளான பெகாசஸ் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட தொழில்நுட்பக் குழு 29 போன்களைப் பார்த்து 5-இல் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, ஆனால் அது பெகாசஸ்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. மத்திய அரசு குழுவோடு ஒத்துழைக்கவில்லை என்று அப்போதைய தலைமை நீதிபதி ரமணா திறந்த நீதிமன்றத்திலேயே சொன்னார். அந்தக் குழுவை அமைத்த 2021 உத்தரவின் முதல் வரியே 1984-இலிருந்து எடுத்த மேற்கோள் என்பது உங்களுக்குப் பிடிக்கும்.

அதற்காக எல்லாம் முடிந்துபோயிற்று, 1984-இல் எல்லோரையும் பார்க்கும் தலைவரான பெரியண்ணன் வந்துவிட்டார் என்று கையை விரிப்பவர்களோடும் எனக்கு ஒத்துவராது. அது சோம்பேறித்தனம். வின்ஸ்டனுக்கு நீதிமன்றம் இல்லை, நமக்கு இருக்கிறது, மெதுவாகத்தான் என்றாலும். கரக் சிங் தீர்ப்பில் போன உரிமையைத் திருப்பி வாங்கியவர் இந்த ஊர்க்காரர்தான், கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற புட்டசாமி. 2012-இல் ஆதாரை எதிர்த்து மனுப் போட்டபோது அவருக்கு வயது 86. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அடுத்த வருடம் ஆதார் செல்லும் என்று நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தாலும், தனியார் கம்பெனிகள் ஆதார் கேட்க வழிவிட்ட பிரிவை ரத்து செய்தார்கள். அப்புறம் வந்த 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏமாற்றம்தான். மத்திய அரசு தன்னுடைய எந்த அமைப்புக்கும் அறிவிப்பு மூலம் விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம், அதாவது யாரிடமிருந்து பாதுகாப்பு வேண்டுமோ அவரே வாசல் சாவியை வைத்திருக்கிறார். ஆனாலும் 2025 டிசம்பரில் எல்லாப் புதுப் போனிலும் மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' ஆப் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற உத்தரவு வெளியே தெரிந்து சத்தம் எழுந்ததும், சில நாளிலேயே கட்டாயம் இல்லை என்று பின்வாங்கினார்கள். சத்தம் போட்டால் கேட்கிறது. யாருக்காகச் சத்தம் போடுகிறோம் என்பதுதான் எனக்கு உறுத்தல், நம் போனில் கைவைத்ததும் கொதித்த நாம், துப்புரவுத் தொழிலாளி கையில் கடிகாரம் கட்டியபோது வாயைத் திறக்கவில்லை.

படிப்பதற்கு. காஃப்காவை முதலில் எடுங்கள், பிறகு ஸம்யாதின், பிறகு அட்வுட். ஹக்ஸ்லியின் 1932 நாவல் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' ரீல்ஸ் பார்த்துக்கொண்டு தூங்கிப்போகிறவர்களுக்குப் பொருந்தும், அரசுக் கண்காணிப்புக்கு அவ்வளவாக இல்லை. பிலிப் கே. டிக் 1956-இல் எழுதிய 'மைனாரிட்டி ரிப்போர்ட்' சின்னக் கதை, ஒரே மூச்சில் முடிக்கலாம், குற்றம் நடக்கும் முன்பே ஆளைப் பிடிப்பது பற்றியது, படத்தைவிடக் கதைதான் கூர்மை. தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை விட்டுவிடாதீர்கள். எண்பதுகளில் விகடனில் தொடராக வந்தது. நாடே ஜீவா என்ற ஒரே தலைவரின் கையில், பிள்ளை பெற்றுக்கொள்ள அரசு அனுமதி வேண்டும், கதாநாயகி நிலாவின் வீட்டுக்கு அரசு உத்தரவோடு ஒருவன் ஜீனோ என்ற இயந்திர நாயுடன் வந்து தங்குகிறான். ஜீவா யார் என்பதைச் சொல்லிக் கதையைக் கெடுக்க மாட்டேன், ஆனால் திரையில் தெரியும் தலைவர்கள் மேல் உங்களுக்கு இருக்கும் நம்பிக்கை கொஞ்சம் ஆடும். சுஜாதா அந்தக் காலத்தில் இதே பெங்களூருவில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கெடுத்தவர். அரசாங்க எலெக்ட்ரானிக்ஸ் எப்படி வேலை செய்யும் என்று உள்ளிருந்து தெரிந்த ஆள் எழுதியது என்பதால் எனக்கு அது தனி ருசி.

கையோடு செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது, அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள். ஆதார் இணையதளத்தில் உங்கள் எண்ணை எப்போதெல்லாம், எந்த முறையில் சரிபார்த்தார்கள் என்ற பட்டியல் கிடைக்கும், ஆறு மாதத்துக்கானது. அதே இடத்தில் ரேகையையும் கருவிழியையும் பூட்டி வைக்கலாம், வேண்டும்போது திறந்துகொள்ளலாம். பட்டியலில் நீங்கள் போகாத இடம் ஏதாவது இருந்தால் அப்பாவிடம் காட்டுங்கள், அவர் கேட்ட கேள்விக்கு நான் எழுதியதைவிட அது நல்ல பதில். பூட்டிவிட்டு ரேஷன் கடைக்குப் போகும் முன் திறக்க மறந்துவிட வேண்டாம், பில் மெஷின் உங்களை யார் என்றே தெரியாது என்று சொல்லிவிடும்.